தோட்டா மறுநிரப்பல்

தோட்டா மறுநிரப்பல் என்பது, ஒருமுறை சுடப்பட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டில் புதிய கேப், மருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தி, மீண்டும் சுடத்தக்கதாக ஆக்கும் வேலையாகும். அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்காக இதைச் செய்ய அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. விற்பனைக்குச் செய்தால்தான் தேவை. இந்தியாவில் உரிமமின்றிச் செய்வது ஆயுள் தண்டனை வரை செல்லக்கூடிய குற்றம். இணையத்தில் காணப்படும் செய்முறைக் காணொளிகளில் பல அமெரிக்கச் சூழலைச் சேர்ந்தவை என்பதால், இந்த வேறுபாட்டை மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

தோட்டாவின் உறுப்புகள்

பேச்சுவழக்கில் தோட்டா, குண்டு இரண்டும் ஒன்றுபோல் வழங்கினாலும் அவை வேறானவை. குழலிலிருந்து வெளியே பாய்வது மட்டுமே குண்டு. தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள்ளன.

1. கூடு: பெரும்பாலும் பித்தளை. ரவைத் துப்பாக்கியின் தோட்டாவில் பித்தளை அடியும் பிளாஸ்டிக் குழலும் இருக்கும்.
2. கேப்: கூட்டின் அடியில் பொருத்தப்படும் சிறு கிண்ணம். தீபாவளித் துப்பாக்கியின் பொட்டு வெடியைப் போல, அடிபட்டதும் தீப்பொறி தரும்.
3. மருந்து: தீப்பற்றி, அழுத்தம் மிக்க வாயுவாக மாறிக் குண்டைத் தள்ளும்.
4. குண்டு அல்லது ஈய ரவைகள்.

சுட்டபின் எஞ்சுவது கூடு மட்டுமே. தோட்டாவின் விலையில் கணிசமான பங்கு கூட்டுக்கு உரியது என்பதே மறுநிரப்பல் தோன்றக் காரணம். எல்லாத் தோட்டாக்களையும் இப்படி நிரப்ப இயலாது. விளையாட்டுப் பயிற்சியில் பரவலாக உள்ள .22 வகையில் தனிக் கேப் கிடையாது. தீப்பொறி தரும் கலவை கூட்டின் விளிம்பு மடிப்புக்குள் உள்ளது. சுடும்போது அந்த விளிம்பு நசுங்கிவிடுவதால் கூடு மறுபயனுக்கு ஆகாது. 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் மருந்துள்ள தோட்டாவே இல்லை. அழுத்தப்பட்ட காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது.

கருவிகள்

முதன்மைக் கருவி பிரஸ் எனப்படும் நெம்புகோல் பொறி. அதில் டை என்னும் எஃகு அச்சுகளைப் பொருத்துவர். சுடும்போது விரிந்த கூட்டை ஓர் அச்சு பழைய அளவுக்குச் சுருக்கும். மற்றோர் அச்சு குண்டை உரிய ஆழத்தில் பதிக்கும். இவற்றுடன் மருந்தை நிறுக்கத் தராசும், நீளம் பார்க்க வெர்னியர் அளவியும் வேண்டும்.

மருந்தின் எடை கிரெயின் என்ற அலகில் குறிக்கப்படுகிறது. 1 கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். மறுநிரப்பலுக்கான தராசு 0.1 கிரெயின், அதாவது ஏறத்தாழ 6.5 மில்லிகிராம் வேறுபாட்டைக் காட்ட வேண்டும்.

இவ்வளவு நுட்பம் ஏன் என்பதற்கு மருந்து எரியும் முறையே விடை. புகையற்ற மருந்து அழுத்தம் கூடக் கூட விரைவாக எரியும். விரைவாக எரிந்தால் அழுத்தம் இன்னும் கூடும். எனவே ஒரு சிறு பிழை அதே அளவில் நிற்காமல் பெருகுகிறது. மருந்து சற்று மிகுந்தாலும், குண்டு சற்று ஆழமாகப் பதிந்து உள்ளிடம் குறைந்தாலும், குழல் தாங்கும் எல்லையை அழுத்தம் மீறக்கூடும்.

கோளாறுகளும் காரணங்களும்

மருந்தில்லாத் தோட்டா: நிரப்ப மறந்த கூட்டில் கேப் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் தள்ளி அங்கேயே நிறுத்திவிடும். ஓசை வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்கும். அதைக் கவனியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம்.

இரட்டை நிரப்பு: சில வகைகளில் மருந்து கூட்டின் பாதிக்கும் குறைவாகவே நிற்கும். அதனால் இருமுறை கொட்டினாலும் வழியாது. கண்ணுக்கும் எளிதில் தெரியாது. கோளாறுகளில் மிகவும் ஆபத்தானது இதுவே.

தாமத வெடிப்பு: விசையை இழுத்தும் உடனே வெடிக்காமல் சற்றுப் பொறுத்து வெடிப்பது. ஆகவே சுடாத துப்பாக்கியை உடனே திறக்கலாகாது. பாதுகாப்பான திசை நோக்கிக் குறைந்தது அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்பது பயிற்சிக் களங்களில் வழங்கும் விதி. எண்ணெயோ ஈரமோ பட்ட கேப்பும் மருந்தும் இதற்குக் காரணமாகலாம்.

கூடு பிளத்தல்: பித்தளை திரும்பத் திரும்ப விரிந்து சுருங்கினால் கடினமாகி விரிசல் விடும். பாத்திரம் அடிக்கும் கன்னார் இடையிடையே பித்தளையைத் தீயில் காய்ச்சி இளக்குவது இதே காரணத்தால்தான். கூட்டின் அடிப்பகுதியை ஒட்டிப் பளபளக்கும் வளையம் தெரிந்தால், அது அறுந்துபோகும் நிலையில் இருக்கக்கூடும்.

மேற்கண்டவற்றில் பலவற்றை வெளிப்பார்வையில் கண்டுபிடிக்க முடியாது. மூடிய தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்பது அதைச் செய்தவரின் ஒழுங்கைப் பொறுத்தது. செய்தவர் யாரென்று தெரியாத தோட்டாவைச் சுடக்கூடாது என்பதன் பொருள் இதுவே.

இந்தியச் சட்டம்

ஆயுதச் சட்டம், 1959 வெடிபொருளுக்குத் தரும் வரையறை விரிவானது. 2-ஆம் பிரிவின்படி முழுத் தோட்டா மட்டுமன்றி, அதன் உறுப்புகளும் அதை உற்பத்தி செய்யும் பொறிகளும் அவ்வரையறைக்குள் அடங்கும். அதாவது மருந்தே இல்லாவிட்டாலும், மறுநிரப்பும் பிரஸ் சட்டத்தின் பார்வையில் வெறும் இரும்புக் கருவி அன்று.

வெடிபொருளை வைத்திருக்க 3-ஆம் பிரிவின்படியும், உற்பத்தி செய்ய 5-ஆம் பிரிவின்படியும் உரிமம் தேவை. உறுப்புகளைச் சேர்த்துத் தோட்டாவாக்குவது உற்பத்தி என்றே கொள்ளத்தக்கது. 5-ஆம் பிரிவை மீறுவோருக்கு 2019 திருத்தத்தின்படி குறைந்தது 7 ஆண்டுச் சிறை. அது ஆயுள் வரை நீளலாம். துப்பாக்கி உரிமம் வைத்திருப்பது தோட்டா செய்யும் உரிமம் ஆகாது. மருந்துக்கு வெடிபொருள் சட்டம், 1884-உம் பொருந்தும்.

தமிழ்நாட்டில்

நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் 1903-இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை, தோட்டா மருந்து செய்வதற்கென்றே தோன்றியது. கயிறு போல் நீண்ட இழைகளாக இருந்ததால் கார்டைட் அப்பெயர் பெற்றது. இப்போது அது மத்திய அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் உள்ளது.

துப்பாக்கி சுடும் விளையாட்டிலும் தமிழ்நாட்டுக்கு இடமுண்டு. ஹாங்சோவில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டில் ஆடவர் டிராப் அணிப் பிரிவில் தங்கம் வென்ற மூவருள் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமானும் ஒருவர். டிராப் தோட்டாவில் ரவையின் எடை 24 கிராமுக்கு உட்பட வேண்டும் என்பது போட்டி விதி. இவ்விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு முறையான வழி, ஏற்புபெற்ற ரைபிள் கழகத்தில் சேர்ந்து ஏர் ரைபிளில் தொடங்குவதே.

பழைய தோட்டா கிடைத்தால்

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ பழைய வீட்டைக் காலி செய்யும்போது தாத்தா காலத்துத் தோட்டா கிடைக்க நேரலாம். அதைப் பிரிப்பது, சூடாக்குவது, குப்பையில் போடுவது எதுவும் கூடாது. உரிமம் பெற்றவர் இறந்தபின் அவருடைய ஆயுதத்தையும் தோட்டாவையும் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறுகிறது. தோட்டாவைக் கையில் எடுத்துக்கொண்டு அலைவதைவிட, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்வதுபோல் செய்வது பாதுகாப்பானது.