எதை உதைத்து விரைகிறது ராக்கெட்?

நடப்பவன் தரையை உதைக்கிறான். படகோட்டி நீரைத் தள்ளுகிறான். பறவை காற்றை அடிக்கிறது. இவற்றில் எதுவும் இல்லாத விண்வெளியில் ராக்கெட் எதை உதைத்து வேகம் பெறுகிறது? நம் மன்றத் தோழர்கள் அடிக்கடி எழுப்பும் ஐயம் இது. 1920இல் 'நியூயார்க் டைம்ஸ்' ஏடே இதே ஐயத்தை எழுப்பி, ராக்கெட் அறிஞர் காடர்டை எள்ளி நகையாடியது. 1969இல் மனிதர் சந்திரனில் இறங்கப் புறப்பட்ட மறுநாள்தான் அவ்வேடு தன் பிழையை ஒப்புக்கொண்டது.

நான் மட்டாஞ்சேரிக்காரன், ஆகவே மிளகு மூட்டையைக் கொண்டே விளக்குகிறேன். எங்கள் பஜார் ரோட்டுக் கிடங்குகளுக்குப் பின்னே, காயலில், துடுப்பில்லாத சிறு வள்ளத்தில் சில மூட்டைகளோடு நாம் நிற்பதாகக் கொள்வோம். ஒரு மூட்டையைப் பின்புறமாக வலுவுடன் வீசினால் வள்ளம் முன்னே நகரும். மூட்டை நீரில் விழுந்ததாலா நகர்ந்தது? அன்று! கையை விட்டுப் பிரியும்போதே நகர்வு தொடங்கிவிட்டது. நாம் மூட்டையைத் தள்ளினோம். மூட்டை நம்மைத் தள்ளியது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுவே.

ராக்கெட் வீசும் மூட்டை, எரிந்த வாயு. அறைக்குள் விரியும் வாயு முன்சுவரைத் தள்ளிக்கொண்டே, திறந்த பின்வாயிலால் பாய்கிறது. எரிபொருளையும் அதை எரிக்கும் பொருளையும் ராக்கெட்டே சுமந்து செல்வதால் வெளிக்காற்று வேண்டியதில்லை. உண்மையில் காற்று இடையூறே: ஓட்டத்தை எதிர்க்கிறது, பின்வாயிலில் எதிரழுத்தமும் தருகிறது. மேலும், ஒவ்வொரு மூட்டையும் போகப் போக வள்ளம் இலேசாகிறது. அடுத்த மூட்டை முன்னதைவிட மிகுந்த வேகம் தருகிறது.

நம் மங்கள்யானைப் பாருங்கள். 2013 நவம்பரில் புறப்பட்டபோது அதன் எடை 1,337 கிலோ. அதில் எரிபொருளும் அதை எரிக்கும் பொருளுமே 852 கிலோ! டிசம்பர் 1 அன்று அதன் எஞ்சின் 22 நிமிடம் எரிந்தது. தரையில் 45 கிலோ எடையைத் தாங்கும் அளவு விசைதான். ஆயினும் வினாடிக்கு 648 மீட்டர் வேகம் கூடிற்று. கலம் பூமியின் பிடியிலிருந்து விடுபட்டது.

பின்னர் ஏறக்குறைய 300 நாள் உறங்கிய அந்த எஞ்சின், 4 வினாடிச் சோதனைக்குப் பின், 2014 செப்டம்பர் 24 அன்று மீண்டும் எரிய வேண்டியிருந்தது. இம்முறை வேகத்தைக் குறைப்பதற்காக, வாயுவை முன்னோக்கி வீசியாக வேண்டும். தவறியிருந்தால் கலம் செவ்வாயைக் கடந்து போயே போயிருக்கும். தவறவில்லை.

ஆறு மாதப் பணிக்குச் சென்ற கலம் ஏறக்குறைய எட்டாண்டு உழைத்தது. 2022இல் தொடர்பு அறுந்தபின், எரிபொருள் தீர்ந்திருக்க வேண்டும் என்று இஸ்ரோ அறிவித்தது. மூட்டை தீர்ந்தாலும் விண்ணில் வள்ளம் நின்றுவிடாது; தன் பாதையில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பாதையை மாற்றிக்கொள்ளத்தான் அதனால் இயலாது.