பழைய துவக்கும் குழலில் படிந்த கறையும்

'துவக்கு' என்ற சொல் எம்மவர் காதில் சாதாரணமாக விழுவதில்லை. சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்பும் அதனோடு சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. கனடாவிலோ அதே பொருளுக்கு வேறொரு வாழ்க்கையும் உண்டு. மான் வேட்டைக்குப் போவோர் இங்கே உள்ளனர். தாத்தா விட்டுச் சென்ற றைபிளைப் பூட்டி வைத்திருப்போரும் உள்ளனர். ஆகவே பழைய வீடொன்றின் நிலக்கீழ் அறையிலோ கராஜின் பரணிலோ துணியில் சுற்றிய துவக்கொன்று எம் கையில் அகப்படுவது நடக்கக்கூடியதே. அப்போது என்ன செய்வது, அதன் குழலுக்குள் என்ன இருக்கும், அதை யார் எப்படித் துப்புரவு செய்வார்கள் என்பவற்றை இங்கு பார்ப்போம்.

எமக்கு அருகிலேயே பிறந்த 303

அப்படி அகப்படக்கூடியவற்றுள் ஒன்று லீ-என்பீல்ட் றைபிள். ஊரில் பொலிசார் தோளில் தொங்கிய 303 இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 முதல், ரொறன்ரோவின் மேற்கு எல்லையை அடுத்த லோங் பிரான்ச் தொழிற்சாலையில் இதன் 4ஆம் இலக்க வகை செய்யப்பட்டது. போர் முடியும்போது 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட றைபிள்கள் அங்கிருந்து வெளியேறியிருந்தன. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மிசிசாகாவில் லேக்ஷோர் வீதியும் டிக்சி வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகே அதன் பரிசோதனைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. இப்போது அது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் இடம்.

இந்த றைபிளின் இடப்பக்க உலோகத்தில் 'லோங் பிரான்ச்' என்ற பெயரும் செய்த ஆண்டும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். கனடாவின் வடபுலத்தில் காவற்பணி செய்யும் றேஞ்சர் படையினர் 1947 முதல் இதையே வைத்திருந்தார்கள். கடுங்குளிரிலும் இயங்கும் என்ற நம்பிக்கையால், 2018இல் புதிய றைபிள் வரத் தொடங்கும் வரை அவர்கள் இதைக் கைவிடவில்லை.

முதலில் சட்டம்

அனுமதிப்பத்திரம் இல்லாதவர் துவக்கு வைத்திருப்பது இந்நாட்டில் குற்றவியல் குற்றம். நீண்ட குழல் துவக்குகளின் பதிவேடு 2012இல் ஒழிக்கப்பட்டதால் இனி ஒன்றும் தேவையில்லை என்று சிலர் நினைக்கின்றனர். அது தவறு. பதிவு நீங்கினாலும் அனுமதிப்பத்திரம் தேவை என்ற விதி நீங்கவில்லை. 2020இலிருந்து தடைப் பட்டியலும் பலமுறை மாறியிருக்கிறது. அகதி விண்ணப்பமோ நிரந்தர வதிவிடமோ முடிவாகாத குடும்பத்துக்கு, ஒரு குற்றத் தீர்ப்பு நீதிமன்றத்தோடு முடிந்துவிடாது. குடிவரவுக் கோப்பிலும் வந்து நிற்கும்.

ஆகவே துவக்கைக் கண்டால் தொட வேண்டாம். பிள்ளைகளை அறையை விட்டு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துங்கள். உள்ளே தோட்டா இருக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். காரில் ஏற்றிக்கொண்டு பொலிஸ் நிலையம் போக வேண்டாம். ரொறன்ரோ பொலிசின் அவசரமற்ற இலக்கமான 416-808-2222ஐ அழைத்து, எங்கே எப்படிக் கண்டீர்கள் என்று சொல்லுங்கள். அவர்களே வந்து எடுத்துச் செல்வார்கள். அனுமதிப்பத்திரம், பயிற்சி வகுப்பு பற்றிய விபரங்களுக்குக் கனடியத் துவக்குத் திட்டத்தின் இலக்கம் 1-800-731-4000.

குழலுக்குள் படிவது என்ன?

துவக்கு சுட்டுக் கெடுவதை விட, சுட்டபின் கவனியாது விடப்பட்டுக் கெடுவதே அதிகம். ஒவ்வொரு வெடிக்கும் குழலுக்குள் மூன்று வகைக் கறை மிஞ்சுகிறது.

முதலாவது உப்பு. பழைய இராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் எரியூட்டியில் பொட்டாசியம் குளோரேற் இருந்தது. வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைட்டாக மாறும். சமையல் உப்பின் தம்பி என்று இதைச் சொல்லலாம். மாரி காலத்தில் உப்புச் சாடி கசிவது போல இதுவும் காற்றின் ஈரத்தை இழுத்து உருக்கைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் பூசினால் போதும் என்பது பலரின் நினைப்பு. உப்பு எண்ணெயில் கரையாது. மேலே எண்ணெய் மினுங்க, கீழே துரு தின்றுகொண்டே இருக்கும்.

இரண்டாவது கரி. இது வெடிமருந்து எரிந்த மிச்சம். மூன்றாவது செம்பு. சன்னத்தின் மேலுறை குழலின் சுழல் வரிகளில் உராய்ந்து தன் தடத்தை விட்டுச் செல்கிறது. கரிமேல் செம்பும் செம்புமேல் கரியும் ஏறி, அடிப்பிடித்த சட்டி போல ஆகிவிடுகிறது.

துப்புரவு செய்யும் முறை

இது அனுமதிப்பத்திரம் உள்ளவர் செய்யும் வேலை. எம்மவரில் சிலர் பயிற்சி பெற்று அதை எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவும்.

தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, தோட்டாப் பெட்டியைக் கழற்றி, அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். லீ-என்பீல்டின் போல்ற்றைப் பின்பக்கமாக வெளியே எடுத்துவிடலாம். பிறகு பின்புறமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் குழல் அடைபட்டிருக்கிறதா என்று தெரியும்.

உப்பை எடுப்பது தண்ணீர்தான். பிரித்தானியப் படையினர் செய்தது போல, புனல் வைத்துக் கொதிநீரைப் பின்புறமிருந்து ஊற்ற வேண்டும். மரப் பகுதியில் நீர் படக்கூடாது. சூடேறிய உருக்கு தானாகவே விரைவில் காய்ந்துவிடும். மிச்ச ஈரத்தைத் துணியால் எடுக்கலாம்.

அடுத்தது கரி. கரைப்பான் தோய்த்த துணியைத் தண்டில் கோத்துச் செலுத்தி, ஊறவிட்டு, வெண்கலத் தூரிகையால் தேய்க்க வேண்டும். எப்போதும் பின்புறமிருந்து வாய்ப்புறம் நோக்கியே செலுத்த வேண்டும். தூரிகை முழுதாக வெளியே வரும் முன் திருப்பி இழுக்கக் கூடாது.

செம்புக்கு அமோனியா கலந்த கரைப்பான். வெளியே வரும் துணியில் நீலப்பச்சை நிறம் தெரிந்தால் செம்பு கரைகிறது என்று பொருள். வெண்கலத் தூரிகையும் அதே நிறத்தைத் தரும் என்பதால் இந்தக் கட்டத்தில் நைலோன் தூரிகையே நல்லது. கரைப்பானின் புட்டியில் சொல்லப்பட்ட நேரத்துக்கு மேல் குழலில் விட்டுவைக்கக் கூடாது.

நீலம் மறைந்ததும் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். அடியில் இன்னொரு கரிப்படை காத்திருக்கும். மீண்டும் கரி, மீண்டும் செம்பு. பல ஆண்டு கவனிப்பாரற்றுக் கிடந்த குழலுக்குச் சில நாட்கள் பிடிக்கும். அவசரப்பட்டு மண்கடதாசியையோ துளைக்கும் இயந்திரத்தையோ எடுத்தால் கறையோடு வரிகளும் போய்விடும்.

இராணுவத்தில் இதற்கென ஒரு கயிறு கொடுத்தார்கள். ஒரு முனையில் பித்தளைக் குண்டும் மறு முனையில் துணி கோக்கும் வளையமும் இருக்கும். எண்ணெய்ப் புட்டியோடு அதையும் றைபிளின் அடிக்கட்டைக்குள் வைத்துக்கொள்வார்கள். அதைச் சரித்து இழுத்துப் பழகியவர்களின் துவக்குகளில் குழல்வாய் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். சன்னம் கடைசியாகத் தொடும் இடம் அதுவென்பதால் குறியும் தவறும்.

கறை போனபின் சிறு குழிகள் தெரியக்கூடும். துரு தின்ற உருக்கு திரும்பி வராது. அப்படிப்பட்ட துவக்கைத் தேர்ந்த திருத்துநர் ஒருவர் பார்த்துச் சொல்லும் வரை சுடக்கூடாது. இறுதியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. சுடுவதற்கு முன் அதையும் துடைத்துவிட வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

குளிர்காலத்தில் வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் மூக்குக்கண்ணாடி புகாரடிப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். துவக்குக்கும் அதுவே நடக்கும், குழலின் உட்புறமும் வியர்க்கும். உறைக்குள்ளேயே வைத்து, அறையின் சூட்டுக்கு வந்தபின் திறந்து துடைக்க வேண்டும்.

அமோனியா உள்ள எதையும் புளீச்சோடு சேர்க்கக் கூடாது. நச்சு வாயு எழும். துவக்கில்லாத வீட்டிலும் குளியலறை கழுவும்போது இதை நினைவில் வையுங்கள். எரியூட்டியின் மிச்சத்தில் ஈயமும் இருக்கலாம். ஆகவே குசினி மேசையிலோ, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் அறையிலோ இந்த வேலை வேண்டாம். முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, உடுப்பையும் மாற்றுங்கள்.

ஊரில் துவக்கைக் கண்டு ஒளிந்தோம். இங்கே ஒளியவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். பயிற்சியும் பத்திரமும் உள்ளவர் பொறுமையாகத் துப்புரவு செய்யட்டும். மற்றவர்கள் கதவைச் சாத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தால் போதும்.