சீமை வாத்துக்கும் மூட்டுவலி!

நாய்க்குப் பதினைந்து வயது என்றால் கிழட்டு நாய் என்கிறோம். ஆனால் வீட்டில் வளரும் சீமை வாத்து 20 வயதைத் தாண்டியும் வாழும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ஜார்ஜ் என்ற வாத்து 49 ஆண்டும் 8 மாதமும் வாழ்ந்து, 1976 டிசம்பரில் இறந்தது. வாத்துகளில் நீண்ட ஆயுள் கண்டது என்று கின்னஸ் புத்தகத்தில் அதற்கு இடம் கிடைத்தது.

அத்தனை காலமும் அந்த உடலைச் சுமப்பவை இரண்டே கால்கள். அவை தேயாமல் என்ன செய்யும்?

நெய்வேலி நகரியம் வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டப்பட்ட ஊர். குவார்ட்டர்ஸ் வீட்டைச் சுற்றித் தோட்டம். தோட்டத்தில் மாவும் பலாவும் முருங்கையும். இப்படிப்பட்ட வீட்டில் இரண்டு வாத்து வளர்க்கலாமே என்று ஆசை வருவது இயற்கைதானே? நீண்ட கழுத்தை நீட்டிக்கொண்டு, அந்நியர் கேட்டைத் தொட்டவுடன் ஊரைக் கூட்டும் பறவை அது. "வாத்து இருந்தால் பாம்பு அண்டாது" என்ற நம்பிக்கையும் உண்டு. குழந்தைகள் கையில் குஞ்சாக வந்தது, அவர்கள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் தோட்டத்தில் இருக்கும். வீட்டுக்காரர் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள் நெருங்கும்போது அதுவும் கிழமாகி நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கால் நொண்ட ஆரம்பிக்கும்.

"வயசாயிடுச்சு சார், இனிமே எதுக்கு வச்சுக்கிட்டு?" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் சொல்லாமல் விட்டது கத்தி!

ஆனால் நொண்டுகிற வாத்தெல்லாம் வயதினால் நொண்டுவதில்லை. பாதி வழக்கில் குற்றவாளி தரையும் தீனியும்தான். அவற்றை மாற்ற வீட்டுக்காரராலேயே முடியும்.

எம்டன்!

சீமை வாத்தின் மூதாதைகளில் ஒன்று, ஐரோப்பாவின் ஏரிகளில் மேயும் சாம்பல் வாத்து. அதன் எடை சுமார் மூன்றரைக் கிலோ. மனிதன் அதைப் பிடித்து, இறைச்சிக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கவைத்தான். இன்று எம்டன் என்ற சாதியில் ஆண் வாத்து ஒன்பது, பத்துக் கிலோ வரை வளர்கிறது. (1914-ல் சென்னையில் குண்டு போட்டதே எம்டன் கப்பல், அதற்குப் பெயர் தந்த அதே ஜெர்மன் ஊர்தான் இந்த வாத்துக்கும் பெயர் தந்தது!) சீன வாத்து இத்தனை கனமில்லை. இருந்தாலும் அதுவும் காட்டிலுள்ள தன் இனத்தைவிடக் கனமானதே. உடல் பெருத்ததே தவிர, கால் அதற்கு ஏற்றபடி பெருக்கவில்லை.

வாத்தின் கால் பின்புறமாக மடங்கும் இடத்தை முழங்கால் என்று நினைக்கிறோம். அது குதிகால்! நிஜமான முழங்கால் வயிற்று இறகுக்குள் மறைந்திருக்கிறது. ஆகவே வாத்து ஆயுள் முழுவதும் விரல்களை ஊன்றியே நிற்கிறது. அந்த விரல்களுக்கு இயற்கை விதித்த இடம் சேறு, புல், தண்ணீர். நாம் கொடுப்பதோ சிமெண்டுத் தளம், சரளை மண். சித்திரை வைகாசி வெயிலில் அந்தத் தளம் அடுப்பாகக் காய்கிறது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க வேண்டுமானால், அதற்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். தண்ணீரை இறைத்துத் தள்ளுகிற அந்த ஊரிலும் ஒரு வாத்து, கழுத்து நனையும் அளவு பக்கெட்டோடு ஆயுளைக் கழிக்க நேரிடுவது வேடிக்கைதான்.

உள்ளங்காலில் ஒரு மிளகு

வாத்து நொண்டினால் முதலில் அதைத் தூக்கி உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். தூக்குவதற்கும் முறை உண்டு. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும், இறக்கையைப் பிடித்து இழுப்பதும் கொடுமை. இருக்கிற மூட்டும் பிசகும். உடலைக் கக்கத்தில் அணைத்து, வயிற்றைக் கையில் தாங்கித் தூக்க வேண்டும்.

பாதத்தின் நடுவில் மிளகு ஒட்டியதுபோலக் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் வீக்கம், தொட்டால் சூடு. இதுதான் பாதப் புண். மனிதருக்குக் காலாணி வருகிற மாதிரிதான் ஆரம்பம். கரடான தரையில் தோல் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் ஸ்டாபிலோகாக்கஸ் என்ற கிருமி புகுந்துகொள்கிறது. கவனிக்காமல் விட்டால் அது தசையைத் தின்று எலும்பைத் தொடும்.

இங்கே அநேகர் ஒரு தவறு செய்கிறார்கள். "சீழ்தானே, பிதுக்கி எடுத்துவிடலாம்" என்று அழுத்துகிறார்கள். பறவையின் சீழ் நம்முடைய சீழ்போல ஒழுகாது. பாலாடைக் கட்டிபோல இறுகிக் கிடக்கும். அழுத்த அழுத்தக் கிருமி உள்ளேதான் போகும். அதை முறையாக வெட்டி எடுத்து, மருந்து வைத்துக் கட்டுவது கால்நடை டாக்டரின் வேலை. வாரக்கணக்கில் கட்டு மாற்ற வேண்டியிருக்கும். வெறும் சிவப்பும் தடிப்பும் மட்டும் இருந்தால், வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்பைக் கரைத்துப் பத்து நிமிஷம் காலை ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்து, வைக்கோல் மேல் விடலாம்.

பாதம் சுத்தமாக இருக்கிறதா? அப்படியானால் குதிகால் மூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வீங்கி, காலையில் எழுந்ததும் விறைத்து, சற்று நடந்த பிறகு இளகினால் அது மூட்டு வாதமாக இருக்கலாம். யூரிக் அமிலம் மூட்டில் சுண்ணாம்புபோலப் படிகிற வாதமும் பறவைக்கு உண்டு. சிறுநீரகம் கெட்டால் அது வரும். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் மிக அதிகம். முட்டை இடாத வாத்துக்கு அதையே வருஷக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் தாங்காது.

காலில் ஒன்றுமே இல்லாமலும் கால் விழும். பறவையின் காலுக்குப் போகும் நரம்புகள் சிறுநீரகத்தை ஒட்டியே செல்கின்றன. அங்கே வீக்கமோ கட்டியோ வந்தால், பெட்டைக்கு முட்டை சிக்கிக்கொண்டால், கால் இழுக்கும். தோட்டத்தில் கிடக்கும் ஈயத் துண்டையோ பழைய பெயிண்டையோ விழுங்கிய வாத்தும் இப்படியே துவண்டு போகும். திடீரென்று இரண்டு காலும் விழுந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

மாத்திரை வேண்டாம்!

வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய வலி மாத்திரையில் பாதியை உடைத்து வாத்துக்குக் கொடுப்பது அபாயம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, லட்சக்கணக்கில் அவற்றைக் கொன்றது. கால்நடைக்கு அந்த மருந்து கூடாது என்று இந்தியாவில் 2006-ல் தடை வந்தது. பறவைக்கு எந்த மருந்து, எத்தனை சொட்டு என்பதை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையில் கைவிரித்தால், புதுச்சேரி குரும்பாபேட்டிலும் சென்னை வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வேப்பேரிக் கல்லூரி 1903-ல் தொடங்கியது.

தீனியில் கை வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. மிச்சமான சோறும் இட்லியும் ரொட்டியும் தின்று கொழுத்த வாத்துக்கு, எடை குறைவதே பாதி வைத்தியம். வாத்து அடிப்படையில் மாட்டைப்போலப் புல் மேயும் பிராணி. அருகம்புல், கீரைத்தண்டு, கொஞ்சம் தானியம் போதும். குஞ்சுப் பருவத்தில் நயாசின் என்ற வைட்டமின் குறைந்தால் கால் வளைந்துவிடும். பெரிதான பின் அதை நிமிர்த்த முடியாது.

நீச்சலைப்போல மூட்டுக்கு இதமானது வேறில்லை. தண்ணீரில் மிதக்கும்போது கால் மேல் பாரமே இல்லை! பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, ஏறி இறங்கச் சரிவாக ஒரு பலகை இருந்தால் போதும். பாதத்தில் திறந்த புண் இருந்தால் மட்டும், அது மூடும் வரை நீச்சல் கூடாது.

பூட்ஸ் போட்ட வாத்து

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆண்டி என்ற வாத்து பாதமே இல்லாமல் பிறந்தது. ஹேஸ்டிங்ஸ் நகரத்து ஜீன் பிளெமிங் என்பவர், குழந்தைகளின் பூட்ஸுக்குள் மெத்தென்ற ரப்பர் நுரையை அடைத்து அதன் காலில் மாட்டினார். வாத்து நடந்தது! 1980-களின் இறுதியில் தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடின. 1991-ல் யாரோ ஒரு பாதகன் அதைக் கொன்றபோது ஊரே கலங்கியது.

நம் வீட்டு வாத்துக்குப் பூட்ஸ் வேண்டாம். நிற்கிற இடத்தில் கனமாக வைக்கோலோ மணலோ போட்டு, நனைந்தவுடன் மாற்றினால் போதும். நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கும் வாத்துக்கு நெஞ்செலும்பின் மேல் புண் வரும். வால்பக்கம் அசுத்தமானால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். தினமும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது அவசியம். தீனியும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டாக்டரிடமோ, புது வீட்டுக்கோ கொண்டு போகும்போது ஜோடியைப் பிரிக்கக் கூடாது. ஒன்றை மட்டும் கொண்டு போனால், இரண்டும் தீனி எடுக்காமல் கத்திக்கொண்டே இருக்கும். அடியில் வைக்கோல் பரப்பிய பெரிய அட்டைப்பெட்டியில் இரண்டையும் அருகருகே வைத்து, வெயிலுக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும்.