67-ஆம் கதவு மட்டும் போதும்

பொந்தியானில் ஒரு டியூஷன் நிலையத்துக்குக் கடந்த பள்ளி விடுமுறையில் கணினி அறை அமைத்துக் கொடுத்தோம். பழைய கணினி ஒன்றில் உபுண்டு போட்டு, அதையே மற்றக் கணினிகளுக்கு முகவரி வழங்கும் சர்வராக்கினோம். சர்வருக்கு இணையம் வந்தது. மற்ற எதற்கும் வரவில்லை. எஸ்பிஎம் மாணவன் ஒருவன் உடனே, "ஃபயர்வால ஆஃப் பண்ணிடலாம் அக்கா" என்றான்.

பலரும் செய்வது இதுதான். முகவரியும் வந்துவிடும். ஆனால், அதை மறுபடி இயக்க யாருக்கும் நினைவிருக்காது.

துப்பு திரையிலேயே இருந்தது. முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினி கேட்டும் பதில் கிடைக்காமல் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளைப் பார்த்தோம், சரி. முகவரி வழங்கும் சேவையும் ஓடிக்கொண்டிருந்தது. மிஞ்சியது ஃபயர்வால்.

இப்படித் தானாக முகவரி வழங்கும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். 1993-இல் வரையறுக்கப்பட்டது, உங்கள் வீட்டு வைஃபையும் பெரும்பாலும் இதைத்தான் நம்பியிருக்கிறது. புதிதாக இணையும் கணினிக்குச் சொந்த முகவரி இல்லை, யாரிடம் கேட்பதென்றும் தெரியாது. அதனால் 0.0.0.0 என்ற வெற்று முகவரியிலிருந்து 255.255.255.255-க்கு, அதாவது அங்குள்ள அனைவருக்கும் கேட்கும்படி, குரல் கொடுக்கிறது. சர்வர் ஒரு முகவரியைத் தர முன்வரும். கணினி அதையே கேட்கும். சர்வர் உறுதி செய்யும். மொத்தம் நான்கே செய்திகள். ஃபயர்வாலுக்கோ, பேரும் ஊரும் இல்லாத ஒருவர் கதவைத் தட்டுவது போலத்தான். விரட்டத்தானே செய்யும்!

சர்வர் யுடிபி 67-ஆம் போர்ட்டில் கேட்கிறது, கணினி 68-இல். உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால், தனக்கு முகவரி கொண்டுவரும் பதிலை இயல்பாகவே உள்ளே விடும். பிறர் 67-க்கு அனுப்பும் கோரிக்கையைத் தடுத்துவிடும். வாங்கத் தெரிந்த சர்வருக்குக் கொடுக்க முடியாமல் போனது அதனால்தான்.

தீர்வு ஒரே விதி: வகுப்பறைப் பக்கத்து நெட்வொர்க் கார்டில் மட்டும் யுடிபி 67-ஐ அனுமதிப்பது. இணையப் பக்கம் திறக்கவே கூடாது. 'அனுப்புநர் முகவரி 192.168 என்று தொடங்க வேண்டும்' என்று நிபந்தனை போட்டாலும் வேலை நடக்காது. கேட்பவரிடம் இன்னும் முகவரியே இல்லையே! டிஎன்எஸ் சேவையும் அதே சர்வரில் இருந்தால் 53-ஐயும் அதே பக்கம் திறக்க வேண்டும்.

"கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி முகவரி வாங்கிட்டு, திரும்ப ஆன் பண்ணா?" என்பது அவனுடைய அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. ஆனால், டிஎச்சிபி முகவரி குத்தகைக்குத்தான் கிடைக்கிறது. பாதிக் காலம் கழிந்ததும் கணினி அதைப் புதுப்பிக்கக் கேட்கும், அதே 67-இல். குத்தகை 12 மணி நேரம் என்றால், காலை 8 மணிக்கு வாங்கிய முகவரி இரவு 8 மணிக்குக் காலாவதி.