பாம்பைப் பிடிப்பதா, பொருளைப் பிடிப்பதா?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால் அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்பகுதியில் உள்ள சில சிறிய தேவாலயங்களில், வழிபாட்டின் நடுவே மரப்பெட்டியைத் திறந்து கொடிய விஷப்பாம்புகளை வெறுங்கையில் எடுக்கிறார்கள். வேடிக்கைக்காக அல்ல, பைபிளில் அப்படி எழுதியிருக்கிறது என்பதற்காக.

அவர்கள் காட்டும் இடம் மாற்கு நற்செய்தியின் 16ஆம் அதிகாரம். நம்பிக்கை கொண்டவர்கள் பாம்புகளைக் கையில் எடுப்பார்கள், நஞ்சைக் குடித்தாலும் அவர்களுக்குத் தீங்கு வராது, நோயாளிகள் மீது கை வைத்தால் குணமாவார்கள் என்ற கருத்து அங்கே வருகிறது. 1910 வாக்கில் டென்னஸி மாநிலத்தில் இந்த வழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் போதகர் ஜார்ஜ் வென்ட் ஹென்ஸ்லி. பலமுறை கடிபட்டும் பிழைத்தவர், 1955இல் ஃபுளோரிடாவில் கடிபட்டபோது சிகிச்சை வேண்டாமென்று மறுத்து இறந்துபோனார்.

கென்டக்கி மாநிலம் 1940இலும் டென்னஸி 1947இலும் இதைத் தடை செய்தன. ஆனாலும் வழக்கம் நிற்கவில்லை. கென்டக்கியின் மிடில்ஸ்பரோ நகரில் 2014 பிப்ரவரியில், தொலைக்காட்சித் தொடர் மூலம் உலகம் அறிந்த போதகர் ஜேமி கூட்ஸ் வழிபாட்டில் கடிபட்டார். மருத்துவ உதவி மறுக்கப்பட்டது. அன்றிரவே அவர் உயிர் போனது. அதன்பின் அவருடைய மகன் அதே தேவாலயத்தில் பாம்புகளோடு ஊழியத்தைத் தொடர்ந்தார்.

இவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம்பிக்கைக்காக உயிரையே வைக்கிறவர்களிடம் பாசாங்கு இல்லை. கேள்வி வேறு. அவர்கள் உண்மையிலேயே எழுத்தை எழுத்தாகத்தான் வாசிக்கிறார்களா?

வானொலி அறிவிப்பாளர்களான எங்களுக்கு வாக்கியம்தான் பிழைப்பு. அதனால் முதலில் என் கண்ணில் படுவது வினைச்சொல். 'எடுப்பார்கள்' என்பது வேறு, 'எடுங்கள்' என்பது வேறு. முன்னது நடக்கப்போவதைச் சொல்கிறது, பின்னது கட்டளை. மாற்கு நற்செய்தியில் இருப்பது முன்னது. அதைக் கட்டளையாக மாற்றிக்கொண்ட அந்த நொடியிலேயே அவர்களும் விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உன் கண் உன்னைப் பாவத்தில் விழச்செய்தால் அதைப் பிடுங்கிப் போடு என்ற பொருளில் இயேசு பேசுவதும் பைபிளில்தான் இருக்கிறது. அதை யாரும் வழிபாட்டுச் சடங்காக்கவில்லை. ஆக, எதை அப்படியே எடுப்பது, எதை உவமையாகக் கொள்வது என்ற தேர்வு எல்லாரிடமும் நடக்கிறது.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு நற்செய்தி 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. பாம்பு பற்றிய பகுதி அவற்றில் இல்லை. அதனால்தான் இக்காலப் பதிப்புகள் பலவற்றில் அந்தப் பகுதி அடைப்புக்குள்ளோ அடிக்குறிப்போடோ அச்சாகிறது.

அப்படியானால் பொருள் விளக்கி வாசிப்பவர்கள்தான் சரியா? அங்கேயும் ஓட்டை இருக்கிறது. உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று பணக்கார இளைஞனிடம் இயேசு சொன்னதைக் கேட்டதும், "அது மனப்பற்றைத்தான் குறிக்கிறது" என்று நாம் வசதியாக விளக்கம் சொல்லிவிடுகிறோம். மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அந்தோணியார் அந்த வசனத்தைத் தேவாலயத்தில் கேட்டார், சொன்னபடியே செய்தார். விளக்கம் என்பது சில நேரம் தப்பிக்கும் வழியாகவும் ஆகிவிடும்.

பிறகு எதைக் கொண்டு அளப்பது? ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக இருந்த அகஸ்டின் ஓர் அளவுகோல் தந்திருக்கிறார். வேதத்துக்கு நீ சொல்லும் பொருள் கடவுள் மீதும் அயலார் மீதும் அன்பை வளர்க்கவில்லை என்றால், நீ இன்னும் அதைப் புரிந்துகொள்ளவில்லை என்பது அவர் கருத்து. அந்தோணியாரின் வாசிப்பால் ஏழைகள் சாப்பிட்டார்கள். மிடில்ஸ்பரோ தேவாலயத்தில் 1995இல் ஓர் இளம் தாய் கடிபட்டு இறந்தார். 1998இல் அவருடைய கணவரும் அலபாமாவில் வழிபாட்டின்போது பாம்பு கடித்து இறந்தார். ஐந்து பிள்ளைகள் அநாதைகளானார்கள்.

பைபிளுக்குள்ளேயே இந்த விவாதம் நடந்திருக்கிறது. ஆலயத்தின் உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சாத்தான் ஒரு சங்கீத வசனத்தை அப்படியே எடுத்துக்காட்டுகிறான். கடவுளைச் சோதிக்கக்கூடாது என்று இன்னொரு வசனத்தால் இயேசு பதில் சொல்கிறார். அவர் குதிக்கவில்லை.

எந்த வேதத்தை வாசிப்பவருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரு வரி நம் கையில் கிடைத்ததும் அதன் அடுத்த வரியையும் படிப்போம். அதை நம்பி யார் பசியாறுவார்கள், யார் அநாதையாவார்கள் என்றும் கேட்டுக்கொள்வோம்.