அப்பாவின் நிறம் எது?

கொல்கத்தா லேக் மார்க்கெட் வட்டாரத் தமிழர் வீடுகளில் பெரியவர் ஒருவர் காலமானால், பத்தாம் நாளுக்குள் படத்துக்கான தேடல் தொடங்கிவிடுகிறது. மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேண்டுமே! அகப்படுவது பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஐம்பது வருஷத்துக்கு முந்திய கல்யாண ஆல்பத்தில் செங்கல் நிறமாகிவிட்ட வர்ணப்படம். மற்றது, பேரப்பிள்ளை செல்போனில் ஃபில்டர் போட்டு எடுத்தது. அதில் மாநிறத் தாத்தா சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருப்பார். "இது யாரு?" என்று பாட்டி கேட்டால் அவர்மேல் குற்றமில்லை.

பழைய படத்தைச் சரிப்படுத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. போன் படம்தான் தகராறு.

வர்ணப்படத் தாளில் மஞ்சள், கருஞ்சிவப்பு, நீலப்பச்சை என மூன்று சாயங்கள் உண்டு. ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்த பழைய படங்களில் பெரும்பாலும் நீலப்பச்சைதான் முதலில் மங்குகிறது. அதனால்தான் படம் சிவக்கிறது. கொல்கத்தாவின் ஈரக்காற்றும் புழுக்கமும் இதை விரைவுபடுத்தும். ஆனால் சாயம் மங்கியதே தவிர, அடியோடு போய்விடவில்லை. ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து எடுத்து, 'கிம்ப்' போன்ற இலவச மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே 'லெவல்ஸ்' கொண்டு இழுத்துவிட்டால் நிறம் திரும்பும்.

எதைப் பார்த்து இழுப்பது? படத்திலேயே விடை இருக்கிறது. நெற்றி விபூதி வெள்ளை, தலைமுடி கறுப்பு, பந்தியில் வாழையிலை பச்சை. மாப்பிள்ளை வேட்டியை மட்டும் நம்பக்கூடாது. அதில் மஞ்சள் தடவியிருப்பார்கள். அதைத் தும்பைப்பூவாக்கப் போனால் கல்யாணக் கூட்டமே நீலம் பாரித்துவிடும்!

போன் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் படிகள். ஃபில்டர் கன்னத்தை வெளுக்க வெளுக்க, புள்ளிகள் எல்லாம் 255இல் போய் முட்டிக்கொள்கின்றன. பிறகு எது வெயில் பட்ட இடம், எது நிழல் என்று பிரிக்க வழியில்லை. மஞ்சள், நீலப் பூச்சாக மட்டும் இருந்தால் ஓரளவு எடுத்துவிடலாம். வழித்தெடுத்த சுருக்கங்கள் வரமாட்டா. இன்றைய கணினிகள் சுருக்கம் வரைந்தும் கொடுக்கும். ஆனால் அது யாரோ ஒருவருடைய சுருக்கம்.

ஆகவே முதல் வேலை மூலப்படத்தைத் தேடுவது. பல போன்கள் ஃபில்டர் போடாத படத்தையும் உள்ளே வைத்திருக்கும். வாட்ஸ்அப்பில் வந்தது சுருங்கிய பிரதி. எடுத்தவரின் போனிலேயே பார்க்கவேண்டும். அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் நெகடிவ் இருக்கும் என்று நிம்மதியாக இருந்தார்கள். எஸ்பிளனேடின் புகழ்பெற்ற போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டுடியோவில் 1991இல் தீப்பிடித்தபோது பழைய படங்களும் நெகடிவ்களும் ஏராளமாகச் சாம்பலாயின. 2016இல் ஸ்டுடியோவும் மூடப்பட்டது.

படக்கடையில், "கொஞ்சம் கலராக்கட்டுமா?" என்று தவறாமல் கேட்பார்கள். கேட்காமலே செய்வதும் உண்டு. பிரேமுக்குக் கொடுக்குமுன் சிறிய பிரதி ஒன்று போட்டு, பகல் வெளிச்சத்தில் பாட்டியிடம் காட்டிவிட்டால் நல்லது. ஐம்பது வருஷம் அந்த முகத்தைப் பார்த்தவர் அவர்தானே.