பேஸ் கித்தாருக்குக் கனமான மரம்

டெலானிபூர் அமைந்த நகரத்திலேயே, பாலத்தால் இணைக்கப்பெற்ற சாத்தம் தீவில், 1883-இல் தொடங்கிய மரஅறுவை ஆலை உள்ளது. அவ்வாலை அறுத்த மரங்களுள் புகழ்பெற்றது அந்தமான் படாக். நம் வேங்கை மரத்தின் இனம். கித்தார் செய்வோரும் படாக் வகைகளை விரும்புகின்றனர்.

பேஸ் கித்தாரின் மிகத் தடித்த தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிரும். கருவியின் கழுத்து நெகிழ்வாக இருப்பின், சில சுரங்களில் அதுவும் உடன் அசைந்து தந்தியின் ஆற்றலை உறிஞ்சிவிடும். அச்சுரங்கள் மட்டும் விரைவில் அடங்கிப்போகும். விறைப்பும் கனமும் உடைய கழுத்தில் இக்குறை குறையும்.

உடற்பகுதிக்கும் படாக்கே வேண்டுமா? 4,800 கன சென்டிமீட்டர் மரம் படாக்காயின் ஏறத்தாழ 3.6 கிலோகிராம், வீணைக்குரிய பலாவாயின் 2.9 கிலோகிராம். கச்சேரி முழுவதும் தோளில் சுமப்பவர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்வார். கழுத்துக்குப் படாக்கும் உடலுக்குப் பலாவும் கொள்வதே எமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

கையில் தூக்கிப் பார்த்துக் கனத்தை முடிவுசெய்தல் ஆகாது. புதுப் பலகையின் கனத்தில் கணிசமான பங்கு நீரே. வாரந்தோறும் நிறுத்துக் குறித்து வருக. பள்ளித் தராசே போதும். எடை குறைவது நின்றபின்னரே மரத்தின் உண்மைக் கனம் விளங்கும். தீவின் ஈரக்காற்றில் எடை நிலைத்த பலகையும் குளிரூட்டிய அறையில் மீண்டும் சுருங்கும். ஆதலின் கருவி இருக்கப்போகும் அறையிலேயே பலகையைச் சில வாரங்கள் கிடத்தியபின் உளியை எடுத்தல் நலம்.